திருகோணமலையைத் தேடினால் கிடைப்பதில்லை: முகவரியின் அளவுருக்கள் வினவலாக மாறும் இடத்தில் நேரும் பிழைகள்

இந்த வழிமுறை முழுவதற்கும் ஒரே தளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். குச்சவெளி முதல் மூதூர் வரையுள்ள இறங்குதுறைகளில் அன்றன்று ஏலம்போன மீனின் விலையைப் பதிந்து, அதை எவரும் கைப்பேசியில் பார்க்க உதவும் ஒரு சிறிய தளம் அது. அதன் செய்நிரலைப் பராமரிப்பது என் பொறுப்பு. பார்வையாளர் இடத்தையும் மீனையும் தெரிவுசெய்தவுடன் உலாவியின் முகவரியில் "விலை?இடம்=நிலாவெளி&மீன்=பாரை" என்பதுபோல் ஒரு வரி உருவாகிறது. சேவையகத்தில் இயங்கும் செய்நிரல், கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியை அளவுருக்களாக (பெயரும் மதிப்புமான இணைகளாக) பிரித்து, அவற்றைக் கொண்டு தரவுத்தளத்துக்கு ஒரு வினவலை (எந்தப் பதிவுகள் வேண்டும் என்று கேட்கும் கட்டளையை) அமைத்து, திரும்பி வரும் நிரைகளைப் பக்கத்தில் அடுக்குகிறது. வேலை இவ்வளவுதான் என்றாலும், உலாவி குறியாக்குகிறது, சேவையகம் குறிநீக்குகிறது, செய்நிரல் வகைமாற்றுகிறது, தரவுத்தளம் ஒப்பிடுகிறது என்று ஒரே மதிப்பு நான்கு கைகள் மாறுகிறது. பிழை எந்தக் கைமாற்றத்தில் நேர்ந்தது என்று தெரியாமல் வினவலைத் திருத்தத் தொடங்கினால், சரியாக இருந்த பகுதியையும் கெடுத்துக்கொள்வோம்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும், முதலில் மூன்றைப் பக்கம்பக்கமாக எழுதிவையுங்கள்: சேவையகத்தின் லாக்கில் (நடப்பதைக் குறித்துவைக்கும் கோப்பில்) பதிவான முகவரி வரி, செய்நிரலின் கைக்கு வந்த மதிப்பு, தரவுத்தளம் உண்மையில் பெற்ற வினவல். மூன்றாவதைப் பார்க்க, நாம் பயன்படுத்தும் தரவுத்தள மென்பொருளுக்கேற்ப, மைஎஸ்கியூஎல்லில் ஜெனரல் லாக்கையும் போஸ்ட்கிரெஸில் லாக்_ஸ்டேட்மெண்ட் என்ற அமைப்பையும் சோதனைக் கணினியில் மட்டும் இயக்கிக்கொள்ளலாம். செய்நிரலில் நாம் எழுதிய வினவல் இதுதான் என்று நினைவிலிருந்து சொல்வதை ஒருபோதும் சான்றாகக் கொள்ள வேண்டாம்.

அறிகுறி: நிலாவெளி கிடைக்கிறது, மூதூர் கிடைக்கிறது, திருகோணமலை கிடைப்பதில்லை

என்னை மிகவும் வருத்திய பிழை இது, ஏனெனில் தளத்தின் முகப்பில் பெரிதாக எழுதப்பட்டிருந்த ஊரின் பெயரையே தேடுபெட்டியில் தட்டச்சிட்டால் "பதிவு எதுவும் இல்லை" என்று வந்தது. அட்டவணையைத் திறந்தால் அதே பெயரில் நூற்றுக்கணக்கான நிரைகள் கண்முன்னே இருந்தன. எவை கிடைக்கின்றன, எவை கிடைப்பதில்லை என்று பிரித்து எழுதியபோதுதான் வழி புலப்பட்டது: நிலாவெளி, உப்புவெளி, கிண்ணியா, மூதூர், சாம்பல்தீவு ஆகியவை கிடைத்தன, திருகோணமலை, தோப்பூர், கொட்பே ஆகியவை கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு பெயரிலும் ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ இருந்தது.

காரணம், ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இருக்கிறது. "கோ" என்ற எழுத்தை, ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒற்றைக் குறியெண்ணைச் சேர்த்து எழுதலாம்; அதன் பதின்ம எண் 3019. அதே எழுத்தை, ககரத்தோடு ஏகாரக் குறி 3015-ஐயும் கால் 3006-ஐயும் தனித்தனியே அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் மயிரிழையும் மாறாமல் ஒன்றாகவே தெரியும். யூனிகோட் நெறிப்படி இரண்டும் சமமானவை என்றாலும், போஸ்ட்கிரெஸின் வழமையான சமக்குறி ஒப்பீடும் பைனரி ஒப்பீடும் பைட்டுகளையே பார்ப்பதால் அவற்றை இரு வேறு சொற்களாகக் கருதும். எங்கள் பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட தாள்களிலிருந்து மாற்றி எடுக்கப்பட்டவை. பாமினியில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள். மாற்றும் கருவி அவற்றை ஒன்றுசேர்க்காமல் விட்டுவிட்டால், தரவுத்தளத்தில் பிரிந்த வடிவமே தங்கிவிடும். கைப்பேசியின் விசைப்பலகையோ சேர்ந்த வடிவத்தை அனுப்பும்.

இதை உறுதிசெய்வது எளிது. கேர்_லெந்த், ஆக்டெட்_லெந்த் என்ற இரு சார்புகளும் மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் உண்டு. ஐயத்துக்குரிய நிரையின் பெயரை அவற்றிடம் கொடுத்துப் பாருங்கள். "திருகோணமலை" என்பது சேர்ந்த வடிவத்தில் 10 குறியெண்கள், 30 பைட்டுகள். பிரிந்த வடிவத்தில் 11 குறியெண்கள், 33 பைட்டுகள். முகவரி வரியிலும் இந்த வேறுபாடு தெரியும்: ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரிவதால், ஒன்று 90 எழுத்து நீளமும் மற்றது 99 எழுத்து நீளமும் இருக்கும்.

திருத்தம் இரு பக்கமும் நடைபெற வேண்டும். முகவரியிலிருந்து வரும் மதிப்பை, வினவலில் வைப்பதற்கு முன்னர் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியும், ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற முறையும், பிஎச்பியில் இன்ட்ல் நீட்சியின் நார்மலைசரும் இதைச் செய்யும். அத்தோடு, ஏற்கனவே சேமிக்கப்பட்டுள்ள நிரைகளையும் ஒருமுறை அதே வடிவத்துக்கு மாற்றி எழுதிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் நார்மலைஸ் சார்பு தரவுத்தளத்திலேயே இருப்பதால் அங்கு ஒரே கட்டளையில் முடியும். உள்ளே வரும் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய நிரைகளை அப்படியே விட்டால், பிழை மறையாது.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் உண்டு. "வௌவால்" என்ற மீனின் பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாகப் பலர் கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிடுகிறார்கள். அது யூனிகோடின் கண்ணில் சமமான வடிவமல்ல, வேறொரு சொல். "வவ்வால்" என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். திருகோணமலை, திருக்கோணமலை என்ற இரு எழுத்து வழக்குகளுக்கும் இதே நிலைதான். இவற்றுக்கெல்லாம் மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்றை வைத்து, எந்த வடிவம் வந்தாலும் ஒரே அடையாள எண்ணுக்குக் கொண்டுசெல்வதே நம்பத்தக்க வழி. மக்கள் எழுதும் வடிவத்தைப் பிழையென்று திருப்பியனுப்புவது தளத்தின் வேலையன்று.

தமிழ் மதிப்புகள் அனைத்துமே கேள்விக்குறிகளாக வந்தால், அது வேறு நோய். செய்நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பின் குறிமுறை யூடிஎஃப்-8 ஆக அமைக்கப்படவில்லை என்று பொருள்; மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8எம்பி4 என்று இணைப்பிலேயே குறிப்பிட வேண்டும். அட்டவணைக்குள்ளேயே கேள்விக்குறிகள் சேமிக்கப்பட்டுவிட்டிருந்தால் மூல எழுத்துகள் அழிந்துவிட்டன. காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்க முடியும்.

அறிகுறி: தேடுபெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி விழுந்தால் பக்கம் வழுவோடு நின்றுவிடுகிறது

கைப்பேசியில் விரல் தவறி ஒரு மேற்கோள் குறி விழுந்ததற்குச் சேவையகம் 500 என்ற வழு எண்ணைத் தந்தால், அதைச் சிறிய தொல்லையாக எண்ணி அந்தக் குறியை மட்டும் நீக்கிவிட்டு நகர வேண்டாம். முகவரியிலிருந்து வந்த சரம் வினவலின் சரத்தோடு நேரடியாக ஒட்டப்படுகிறது என்பதற்கு அதுவே சான்று. அந்த மேற்கோள் குறி நாம் திறந்த மேற்கோளை மூடிவிடுகிறது; அதன் பின் எழுதப்படுவது எதுவாயினும் தரவுத்தளம் அதைக் கட்டளையாகவே வாசிக்கும். எங்கள் அட்டவணைகளில் சம்மாட்டிகளின் (படகு உரிமையாளர்களின்) தொலைபேசி எண்களும் அவர்கள் பெறவேண்டிய பாக்கியும் இருக்கின்றன. மீன் விலையைப் பார்க்க வந்த ஒருவர், முகவரியில் சில சொற்களைக் கூட்டி எழுதுவதன் மூலம் அவற்றையும் வாசிக்கலாம் என்ற நிலை ஒரு மணி நேரம்கூட நீடிக்கக் கூடாது. தளத்தை நிறுத்திவைத்தாவது முதலில் இதைத் திருத்துங்கள்.

திருத்தம் ஒன்றே: வினவலில் மதிப்பு வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியையோ பெயரிட்ட குறியையோ வைத்து, மதிப்பைத் தனியே ஒப்படைப்பது. அப்போது வினவலின் அமைப்பு முதலிலேயே முடிவாகிவிடுவதால், மதிப்பில் எந்தக் குறி இருந்தாலும் அது மதிப்பாகவே இருக்கும். மேற்கோள் குறிகளைத் தேடி நீக்கும் சார்பை நாமே எழுதுவதை நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணாக வரும் அளவுருவில் மேற்கோளே தேவைப்படாது என்பதால், அந்த வாயில் திறந்தே இருக்கும்.

மதிப்பைத் தனியே ஒப்படைத்த பின்பும், பகுதிச் சொல்லால் தேடும் "லைக்" ஒப்பீட்டில் ஒரு சிறு சிக்கல் எஞ்சும்: சதவீதக் குறி எத்தனை எழுத்துக்கும், அடிக்கோடு ஏதேனும் ஓர் எழுத்துக்கும் அங்கே பதிலியாக நிற்கும். பார்வையாளர் சதவீதக் குறியை மட்டும் தட்டச்சிட்டால் அட்டவணை முழுவதும் வந்துவிடும் என்பதால், அவ்விரு குறிகளுக்கும் முன்னால், அவற்றைச் சாதாரண எழுத்தாகக் கொள்ளச் சொல்லும் தப்புக்குறியை இட்டு ஒப்படையுங்கள்.

அறிகுறி: விலை வரிசைப்படி அடுக்கச் சொன்னாலும் வரிசை மாறுவதில்லை

மேலே சொன்ன திருத்தத்தை ஆர்வத்தோடு எல்லா இடத்திலும் செய்தவர்களுக்கு இது வரும். அட்டவணையிலுள்ள நிரலின் (நெடுக்கு வரிசையின்) பெயரையும், வரிசைப்படுத்தச் சொல்லும் "ஓடர் பை" பகுதியில் கேள்விக்குறியாக வைத்து ஒப்படைத்தால், தரவுத்தளம் அதை நிரலின் பெயராகக் கொள்ளாது. "விலை" என்ற மாறாத சரமாகவே கொள்ளும். எல்லா நிரைக்கும் ஒரே சரம் என்பதால் வரிசைப்படுத்த எதுவும் இருக்காது, வழுவும் வராது. நிரலின் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது போன்றவை வினவலின் அமைப்பைச் சேர்ந்தவை. அவற்றுக்கு அனுமதிப் பட்டியல் ஒன்றைச் செய்நிரலில் வைத்து, முகவரியில் "விலை" என்று வந்தால் நாமே எழுதிவைத்த நிரலின் பெயரை எடுத்து வையுங்கள். பட்டியலில் இல்லாத சொல் வந்தால் இயல்பான வரிசைக்குத் திரும்புங்கள். வந்த சொல்லை எந்நிலையிலும் வினவலில் சேர்க்க வேண்டாம்.

இதன் உடன்பிறப்பு, பிஎச்பியின் தரவுத்தள இணைப்பு நீட்சியான பிடிஓவும் மைஎஸ்கியூஎல்லும் சேருமிடத்தில், எத்தனை நிரை வேண்டும் என்று வரம்பிடும் "லிமிட்" பகுதியில் எழும் தொடரமைப்பு வழு. மதிப்புகளை அணியாகக் கொடுத்தால் பிடிஓ எல்லாவற்றையும் சரமாகவே கருதி, 20 என்பதை மேற்கோளுக்குள் வைத்துவிடும். முழுஎண் என்று வகையைக் குறிப்பிட்டு ஒப்படைத்தாலோ, மதிப்பைப் பிடிஓவே வினவலில் ஒட்டிக்கொள்ளும் பாவனை முறையில் வினவலைத் தயாரிக்கும் அமைப்பை அணைத்தாலோ சரியாகிவிடும்.

அறிகுறி: மதிப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, அல்லது நேரத்திலுள்ள கூட்டல் குறி காணாமல் போகிறது

முகவரியில் "&" அளவுருக்களைப் பிரிக்கும் குறி; "#" வந்தால் அதற்குப் பின்னுள்ள எதையும் உலாவி சேவையகத்துக்கு அனுப்பாது. படிவத்தின் வழியாகச் சென்றால் உலாவியே இவற்றை %26, %23 என்று மாற்றிவிடும். ஆனால் நாமே சரங்களை ஒட்டி உருவாக்கி, வாட்ஸ்அப் குழுவில் பகிரும்படி பக்கத்தில் கொடுக்கும் இணைப்புகளில்தான் "பாரை & சூரை" என்பது "பாரை" என்று நின்றுவிடுகிறது. இணைப்பை எழுதும் இடத்திலேயே குறியாக்கும் சார்பைப் பயன்படுத்துங்கள்.

கூட்டல் குறியின் கதை வேறு. படிவங்களின் குறியாக்க வழக்கில் கூட்டல் குறி என்றால் இடைவெளி. ஆகவே இலங்கை நேரத்தைக் காட்டும் "+05:30" என்ற பகுதியைக் குறியாக்காமல் முகவரியில் வைத்தால், செய்நிரலின் கைக்கு " 05:30" என்று இடைவெளியோடு வந்து, திகதியை வாசிக்கும் சார்பு அதை ஏற்க மறுக்கும். செய்நிரலின் கைக்கு வந்த மதிப்பை லாக்கில் எழுதும்போது அதன் இரு பக்கமும் ஓர் அடைப்புக்குறி இட்டு எழுதுங்கள். இடைவெளி உடனே தெரியும்.

முகவரியில் "%2520" என்று கண்டால், ஒரே மதிப்பு இருமுறை குறியாக்கப்பட்டிருக்கிறது: இடைவெளி %20 ஆனது, அதிலுள்ள சதவீதக் குறி மறுபடி %25 ஆனது. பெறும் பக்கத்தில் இருமுறை குறிநீக்கிச் சமாளிக்காமல், அனுப்பும் பக்கத்தில் மிகையான குறியாக்கத்தை நீக்குங்கள்.

அறிகுறி: மூன்று இறங்குதுறைகளைத் தெரிவுசெய்தாலும் ஒன்றின் விலை மட்டுமே வருகிறது

இதற்கு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். "இடம்=3&இடம்=7&இடம்=9" என்று ஒரே பெயர் மும்முறை வந்தால், பிஎச்பியும், பைத்தான் சட்டகமான ஜாங்கோவின் வழமையான அணுகலும் கடைசி மதிப்பைத் தரும்; இன்னொரு பைத்தான் சட்டகமான ஃபிளாஸ்க் முதல் மதிப்பைத் தரும்; எல்லாவற்றையும் பட்டியலாகப் பெறும் முறையை ஃபிளாஸ்கிலும் ஜாங்கோவிலும் தனியே அழைக்க வேண்டும். பிஎச்பியில் அளவுருவின் பெயருக்குப் பின்னால் [] சேர்க்க வேண்டும்.

செய்நிரலுக்கு மூன்றும் சரியாக வந்திருந்தால், குறை வினவலில் இருக்கும். ஒரு பட்டியலோடு ஒப்பிடும் "இன்" பகுதியில் ஒரேயொரு கேள்விக்குறியை வைத்து "3,7,9" என்ற சரத்தை ஒப்படைத்தால், மைஎஸ்கியூஎல் அதை எண்ணாக மாற்றும்போது முதல் காற்புள்ளியோடு நின்று 3 என்று கொள்ளும். போஸ்ட்கிரெஸ் வழுவைக் காட்டி மறுக்கும். மறுப்பதே நமக்கு நன்மை. எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறிகளை இட்டு ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். எதுவும் தெரிவுசெய்யப்படாத நிலையில் வெறும் அடைப்புக்குறி மிஞ்சி வழுவாகாதபடி அந்த நிபந்தனையையே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: நிபந்தனையைக் கூட்டக் கூட்ட நிரைகள் குறையாமல் பெருகுகின்றன

இரண்டும் பொருந்த வேண்டும் என்னும் "அண்ட்" என்பதும், ஏதேனும் ஒன்று போதும் என்னும் "ஓர்" என்பதும் வினவலில் அடைப்புக்குறியின்றிக் கலந்திருக்கின்றன. "அண்ட்" முதலில் பிணையும் என்பதால், "கிண்ணியாவில் பாரை அல்லது சூரை" என்று நாம் கருதியதைத் தரவுத்தளம் "கிண்ணியாப் பாரை, அல்லது எவ்வூர்ச் சூரையாயினும்" என்று வாசிக்கிறது. மாற்று நிபந்தனைகளை அடைப்புக்குறிக்குள் இட்டால் தீர்ந்தது.

அறிகுறி: வெற்றாக விட்ட பெட்டி எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது

படிவத்தில் நிரப்பாத பெட்டியும் "உச்சவிலை=" என்று முகவரியில் வந்தே தீரும். அளவுரு இல்லாமை, வெற்றுச் சரம், பூச்சியம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. வெற்றுச் சரத்தை மைஎஸ்கியூஎல் பூச்சியமாகக் கருதுவதால் "உச்சவிலை பூச்சியம்" என்று பொருளாகி ஒரு மீனும் தேறாது. இதைத் தவிர்க்கப் பிஎச்பியின் எம்ப்டி சார்பைப் பயன்படுத்தினால், அது "0" என்ற சரத்தையும் வெறுமை என்றே சொல்லும். நீளம் பூச்சியமா என்று நேரடியாகக் கேட்பதே சரி. எண்போல் தோன்றும் எல்லாவற்றையும் முழுஎண்ணாக்கவும் வேண்டாம்: திருகோணமலையின் 026 என்ற தொலைபேசிக் குறியீடு 26 ஆகிவிட்டால், சரமாகச் சேமித்த எண்ணோடு என்றும் பொருந்தாது.

அறிகுறி: விடியற்காலையில் இறங்கிய மீன் முந்திய நாளின் பட்டியலில் போய் உட்கார்கிறது

கடலுக்கு இரவில் போன படகுகள் விடியுமுன் திரும்பும் ஊர்களில் இது தவறாமல் நேரும். தரவுத்தளம் நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் வைத்திருக்கிறது. நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. ஆகவே நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடையில் பதிந்த ஒவ்வொரு கூடையும், யூடிசிக் கணக்கில் முந்திய திகதியைச் சேர்ந்ததாகிவிடுகிறது. முகவரியில் "நாள்=2025-03-12" என்று வந்தால், அதை இலங்கை நாளாகக் கொண்டு, அதன் தொடக்கத்தையும் அடுத்த நாளின் தொடக்கத்தையும் யூடிசிக்கு மாற்றுங்கள்: 11-ஆம் திகதி 18.30 முதல், 12-ஆம் திகதி 18.30-க்கு முன்வரை. தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் ஒப்பிட்டால், நாளின் இறுதி விநாடியில் பதிந்த நிரையும் தவறாது, எதுவும் இரு நாளிலும் எண்ணப்படாது. தொடக்கமும் முடிவும் ஒரே திகதியாக "பிட்வீன்" எழுதினால் நள்ளிரவு விநாடி மட்டுமே பொருந்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐந்தரை மணியைச் செய்நிரலில் எண்ணாக எழுதிவைக்காமல் "ஏசியா/கொழும்பு" என்ற நேர வலயத்தின் பெயரைப் பயன்படுத்துமாறு சொல்வேன். இலங்கையின் நேரம் 1996-இல் மாற்றப்பட்டு, 2006 ஏப்பிரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்த இடைக்காலப் பதிவுகளை ஏற்றுபவருக்கு வெறும் எண் பொய்யான நேரத்தையே தரும்.

அறிகுறி: இரண்டாம் பக்கத்தில் முதற்பக்கத்தின் நிரைகள் மறுபடி வருகின்றன; பின்பக்கங்கள் மெதுவாகத் திறக்கின்றன

ஒரே விலையில் பல நிரைகள் இருக்கும்போது, விலையை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால் அவற்றுக்கிடையிலான ஒழுங்கு ஒவ்வொரு வினவலிலும் மாறலாம். விலைக்கு அடுத்ததாக நிரையின் அடையாள எண்ணையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். பக்க எண் எதிர்மறையாக வந்தால், எத்தனை நிரைகளைத் தாண்ட வேண்டும் என்று சொல்லும் "ஆஃப்செட்" வழுவாகும் என்பதால், ஒன்றுக்குக் குறையாதபடி முன்னரே வரம்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை நிரை என்பதை முகவரி தீர்மானிக்குமாயின் அதற்கும் மேல்வரம்பு வேண்டும்.

பின்பக்கங்களின் மந்தத்துக்குக் காரணம், "ஆஃப்செட்" தான் தாண்டும் நிரைகள் அனைத்தையும் வாசித்த பின்பே தாண்டுவதுதான். கடைசியாகக் காட்டிய நிரையின் விலையையும் அடையாள எண்ணையும் அடுத்த பக்கத்தின் முகவரியில் வைத்து, "இவற்றுக்குப் பின்னுள்ள 20" என்று கேட்டால், தரவுத்தளத்தின் தேடு அட்டவணையான இண்டெக்ஸ் நேராக அந்த இடத்துக்குச் செல்லும். முதற்பக்கமே மெதுவாக இருந்தால், வினவலில் நேர நிரலின் மேல் திகதியாக்கும் சார்பு ஒன்று சுற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது சாதாரண இண்டெக்ஸைப் பயனற்றதாக்கிவிடும். மேலே சொன்ன யூடிசி எல்லைகளைக் கொண்டு நிரலை நேரடியாக ஒப்பிடும்படி எழுதிவிட்டு, "எக்ஸ்பிளெய்ன்" கட்டளையை வினவலுக்கு முன்னால் இட்டு இயக்கினால், முழு அட்டவணையையும் வாசிப்பதாகச் சொன்ன வரி மாறி, இண்டெக்ஸின் பெயர் அங்கே தோன்ற வேண்டும்.